கோகிலவாணி விட்டுவந்த நோவு

கோகிலவாணியின் நோவு அவளை விட்டு எழுந்து போனது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டேகால் மணிக்கு. முப்பத்தெட்டு மணி நேரமாக அவளைக் கட்டிலோடு சேர்த்து முறுக்கிக்கொண்டிருந்த அது, மயக்க ஊசி முதுகெலும்பில் இறங்கியதும், வெகுநேரம் உட்கார்ந்திருந்த விருந்தாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவதுபோல அவள் இடுப்பிலிருந்து எழுந்து பச்சைத் திரைக்கு அப்பால் போயிற்று. வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, நீலம் பாரித்திருந்தது, பிறகு அழுதது, பிழைத்தது. நோவுதான் திரும்பி வரவில்லை. அது ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரரை ஒரு நிமிஷம் குனிய வைத்தது, மூன்று நிமிஷம் கழித்து எதிர்க்கடையில் வடை போட்டுக்கொண்டிருந்தவரைப் பிடித்தது, பிறகு டவுன் பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரை, பூக்கூடைக்காரியை, கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த வாத்தியாரை என்று ஒவ்வொருவராகப் பிடித்துப் பிடித்து விட்டு, பொழுது சாய்வதற்குள் கல்லாங்காட்டுப்புதூருக்கு, அவள் வாழ்க்கைப்பட்ட ஊருக்கு, வந்து இறங்கிவிட்டது. அவளும் குழந்தையும் வீடு வர இன்னும் ஏழு நாள் இருந்தது.

புதூர் தறி ஓடுகிற ஊர். தெருவுக்கு முப்பது தறிக்கூடம். இரவும் பகலும் ஓடுகிற விசைத்தறிச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்ததால் கோயிலிலும் சாவு வீட்டிலும்கூடக் கொஞ்சம் உரக்கவே பேசுகிறவர்கள். நோவு வந்த முதல் வாரம் ஊர் தடுமாறத்தான் செய்தது. தறிக்கு முன்னால் நின்றிருந்த ஆண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள்; கல்லடைப்பு என்றார்கள், வாயு என்றார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஸ்கேனில் ஒன்றும் இல்லை. பிள்ளை பெற்ற பெண்களுக்குத்தான் அடையாளம் தெரிந்தது. கோகிலவாணியின் மாமியார் சரசாள் தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு குனிந்து, ஒரு நிமிஷம் கண்ணை மூடி மூச்சு விட்டு, நிமிர்ந்து, இது இடுப்பு நோவு, தன் மருமகளுடையது, பாதியில் விட்டுப்போனது என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஏன் வந்தது என்று ஊரில் யாரும் அதிகம் கேட்கவில்லை. எப்போது வரும் என்றுதான் கேட்டார்கள்.

அதைக் கண்டுபிடித்தவர் ரேஷன் கடை எழுத்தர். யார் யாருக்கு எப்போது வந்தது என்று ஒரு நோட்டில் குறித்துப் பார்த்தவர், நோவு வாக்காளர் பட்டியலின் வரிசைப்படி, தெரு தெருவாக, வீடு வீடாகப் போகிறது என்று சொன்னார். மூன்று நிமிஷத்துக்கு ஒருவர், ஒரு நாளைக்கு நானூற்று எண்பது பேர். பட்டியலில் இருந்ததோ மூவாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் பேர். ஆக எட்டு நாளைக்கு ஒரு தடவை, ஆணோ பெண்ணோ, ஆளுக்கு ஒரு நிமிஷம். பதினெட்டு வயது முடிந்து புதிதாகப் பெயர் சேர்த்தவர்களுக்கு அடுத்த சுற்றிலேயே வந்தது. ஊர் எல்லையைத் தாண்டிப் போயிருப்பவர்களைத் தேடிக்கொண்டு அது போகாது, அவர்களை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போய்விடும். இதனால் முதல் வருஷம் சண்டைகள் வந்தன. தன் முறை வருகிற மணிக்குச் சிலர் வேண்டுமென்றே பஸ் ஏறி ஈரோட்டுக்குப் போனார்கள், பக்கத்து வீட்டுக்காரர் எதிர்பாராத நேரத்தில் சோற்றுத் தட்டோடு மடிந்து விழுந்தார். பிறகு ஒரு வழக்கம் ஏற்பட்டது: முறை நாளில் வெளியூர் போகிறவர் பட்டியலில் அடுத்த பெயர்க்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சொல்லாமல் போனவர் வீட்டு விசேஷத்துக்கு யாரும் போகவில்லை.

மற்றதெல்லாம் தானாகப் படிந்தது. முடி திருத்துகிறவர் தன் முறை நாளில் கத்தியைத் தொடமாட்டார். மாரியம்மன் கோயில் பூசாரி தீபாராதனை காட்டும்போது தட்டை வாங்கிக்கொள்ள ஒருவர் ஒட்டி நிற்பார். பைக்கில் போகிறவர்கள் மணியைப் பார்த்து ஓரமாக நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, முடிந்ததும் கிளம்புவார்கள். நெய்கிறவர் கீழே உட்கார்ந்த அந்த ஒரு நிமிஷம் தறி கவனிப்பார் இல்லாமல் ஓடியதில் துணியில் மெல்லிய கோடு ஒன்று விழுந்தது. துணி வாங்குகிற வியாபாரிகள் அதைப் புதூர்க் கோடு என்று பெயர் வைத்துக் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார்கள். டீக்கடையில் ஆண்கள் தங்களுக்கு வந்ததை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு வந்ததுதான் நோவு, பங்காளி, உனக்கு வந்தது சூட்டு வலி என்றான் ஒருவன், அதற்கு இரண்டு பேர் ஒரு வாரம் பேசாமல் இருந்தார்கள். பெண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரித்துச் சலித்தார்கள். நோவு கண்ட ஆண்கள் திருந்தினார்களா என்றால், முறை வந்த அன்று வீட்டில் கொஞ்சம் அடங்கி இருந்தார்கள், மறுநாள் மறந்தார்கள். அவ்வளவுதான் ஒரு நிமிஷத்துக்குக் கட்டும் போலிருக்கிறது.

ஊரில் அது தொடாத ஒரே ஆள் கோகிலவாணி. பட்டியலில் அவள் பெயர் புருஷன் பூபதிக்கும் மாமியாருக்கும் நடுவில் இருந்தது. ஒவ்வொரு எட்டாம் நாளும் பூபதி தறிக்கூடத்துப் படியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொள்வான், மூன்று நிமிஷம் கழித்துச் சரசாள் உள்ளே அம்மிக்கல்லைப் பிடித்துக்கொள்வாள், நடுவில் இருந்த இவளை அது ஏற்கெனவே தெரிந்தவள்தானே என்பதுபோலத் தாண்டிப் போய்விடும். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. கட்டுத் தவறி அடுத்தவர் காட்டில் மேய்ந்த ஆட்டைப் பற்றிச் சொல்வதுபோல வழியில் பார்க்கும்போது அவளிடம் விவரம் சொன்னார்கள்: உன்ற நோவு நேத்து நம்ம வீட்டுக்கு வந்துச்சு அம்மிணி, நல்லாத்தான் இருக்குது, ஒண்ணும் எளைக்கல. அவளும் என்ன சொல்வதென்று தெரியாமல், வந்துச்சுங்களா என்பாள். ஆடாக இருந்தால் கயிறு போட்டு இழுத்து வந்திருக்கலாம்.

அவளுக்கு மட்டும் தெரிந்த கணக்கு வேறு ஒன்று. முப்பத்தெட்டு மணி நேரத்தில் இருபதாவது மணி நேரத்திலேயே அவள் சொல்லிவிட்டாள். போதுமுங்க, அறுத்து எடுத்துரச் சொல்லுங்க என்று பூபதியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மூன்று தடவை சொன்னாள். வெளியே போய் அம்மாவைக் கேட்டுவிட்டு வந்த பூபதி, தன்னை மூன்று நாள் நோவு கண்டுதான் பெற்றதாகவும் இந்த வம்சத்தில் யாருக்கும் கத்தி வைத்ததில்லை என்றும் அம்மா சொல்வதாகச் சொல்லி, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கச் சொன்னான். அந்தக் கொஞ்சம் பதினெட்டு மணி நேரம் நீண்டது. நர்சும் பொறுத்துக்கச் சொன்னாள். தலையைத் தடவிக்கொடுத்தவர்கள் எல்லோரும் தடவிக்கொண்டே அதைத்தான் சொன்னார்கள். தான் பேசுகிறது தனக்கே சத்தமாகக் கேட்கும்போது சுற்றி நிற்கிறவர்களுக்கு ஏன் கேட்கவில்லை என்று அந்தப் பதினெட்டு மணி நேரமும் அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். குழந்தை தனிஷ்காவுக்கு நான்கு வயது ஆன பிறகும் அவளுக்கு அதற்கு விடை தெரியவில்லை.

ஊரில் நோவை விரும்பியவள் ஒருத்தி இருந்தாள். மூன்றாம் தெருவில் தார் சுற்றுகிற தெய்வானை. தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் கட்டைகளுக்கு நூல் சுற்றிக் கொடுப்பது அவள் தொழில். நாற்பத்தாறு வயது. பிள்ளை இல்லை என்று பத்து வருஷம் பார்த்துவிட்டுப் புருஷன் திருப்பூரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். தன் முறை நாளில் தெய்வானை தலைக்குக் குளித்து, துவைத்த சேலை உடுத்தி, மிஷினை நிறுத்தி, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுக் காத்திருப்பாள் என்றும், முடிந்து வெளியே வரும்போது சினிமா பார்த்துவிட்டு வருகிறவள் மாதிரி இருப்பாள் என்றும் அந்தத் தெருவில் சொல்வார்கள். சிலர் அதைக் கேலியாகச் சொன்னார்கள். கோகிலவாணி கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவளைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டாவது உண்டானது ஐந்தாம் வருஷம். டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் நசீமா பழைய காகிதங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் படித்துப் பார்த்தார். போன தடவை குழந்தை முகம் மேல்நோக்கிக் கிடந்ததால் தலை இறங்கவில்லை, இந்தத் தடவை சரியாக இருக்கிறது, தானாகப் பெறுவதற்கு முயன்று பார்க்கலாம். இருநூறு பேரில் ஒருவருக்குப் பழைய தழும்பு நோவில் விட்டுப்போகும், அதனால் பக்கத்திலேயே ஆபரேஷன் தியேட்டர் தயாராக இருக்க வேண்டும். இல்லை, நோவே வராமல் முன்கூட்டி நாள் குறித்து ஆபரேஷன் செய்துகொள்ளலாம், அதற்கும் அதற்குரிய கஷ்டம் உண்டு, அடுத்த பிரசவம் இன்னும் சிக்கலாகும். இரண்டும் செய்யக் கூடியதுதான் என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எதுன்னு நீங்கதான் சொல்லணும். முப்பத்தாறு வாரம் முடியறதுக்குள்ள சொன்னாப் போதும்" என்றார்.

கோகிலவாணி திரும்பிப் பூபதியைப் பார்த்தாள். பூபதி தரையைப் பார்த்தான்.

ஊரில் இந்தச் செய்தி அவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு முன்பே இறங்கியிருந்தது. அந்த வாரமே விசைத்தறிச் சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். நாள் குறித்து அறுத்துவிட்டால் பழைய நோவு அனாதையாக இங்கேயே நிற்கும் என்று ஒரு கட்சி. நோவு கண்டு பாதியில் மறுபடியும் அறுக்க வேண்டி வந்தால் இரண்டாவது நோவு ஒன்றும் வந்து சேரும், அப்புறம் நாலு நாளைக்கு ஒரு முறை என்று ஆகிவிடும் என்று இன்னொரு கட்சி. தானாகப் பெற்றுவிட்டால் புதியதோடு பழையதும் சேர்ந்து முடிந்துவிடும் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். தறிக்காரர்களுக்கு எதையும் தறியில் வைத்துப் பார்த்தால்தான் புரியும் என்பதால், ஊரெல்லாம் பாவு பிணைக்கிற அங்கமுத்துவைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டார்கள். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு தீர்ந்துபோகும்போது அதன் நூல்நுனிகளைப் புதிய பாவின் நுனிகளோடு ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டு, ஆயிரக்கணக்கான முடிச்சுகளை அரை நாளில் போட்டு முடிக்கிறவர் அவர். யோசித்து, விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"புதுசு ஓடோணும்னா பழசோட நுனி தறியில இருக்கோணுமுங்க. இது நுனி அறுந்து ஊரெல்லாம் சுத்திக்கிட்டிருக்குது. மொதல்ல அது அம்மிணிகிட்ட வந்து சேரட்டும். அப்பறம்தான் பிணைக்கறது."

வருவதாக இருந்தால் நாலு வருஷத்தில் வந்திருக்காதா என்று ஒருவர் கேட்டார். அதற்குத்தான் சங்கத் தலைவர் சென்னியப்பன் அந்த யோசனையைச் சொன்னார். எல்லைக்குள் ஆள் இல்லாவிட்டால் அது அடுத்தவரிடம் போகிறது. அந்த அடுத்தவரும் இல்லாவிட்டால் அதற்கடுத்தவர். யாருமே இல்லாமல் கோகிலவாணி மட்டும் இருந்தால் எங்கே போகும்? பட்டியலில் உள்ள எல்லோரும் ஒரு நாள் ஊரைக் காலி செய்துவிட்டு ஆற்றங்கரைக்குப் போய்விடுவது. கணக்கு சரியாக இருந்தது. கணக்கு சரியாக இருப்பதாலேயே ஒரு காரியத்தைச் செய்துவிடுகிற ஊர் அது.

சென்னியப்பன் வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து பக்குவமாகத்தான் பேசினார். ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது, பிள்ளை வளர்ந்துவிட்டது, எல்லைப் பலகைக்கு அந்தப் பக்கம் வேனோடு பூபதி நிற்பான், ஒரு போன் செய்தால் போதும். கட்டாயம் இல்லை, உன்ற ஒடம்பு, உன்ற இஷ்டம், ஆனாலும் ஊரைக் கொஞ்சம் நினைச்சுப் பாரு அம்மிணி என்றார். டாக்டரிடம் இதைச் சொல்ல வேண்டாம், அவர்களுக்குப் புரியாது என்றும் சொன்னார். கோகிலவாணி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தன்னுடையது ஒன்று நாலு வருஷமாக அடுத்தவர் இடுப்பில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தாள். அவள் சும்மா இருந்ததைச் சரி என்று எடுத்துக்கொண்டு ஊர் லாரிக்குச் சொல்லிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நான்கு மணியிலிருந்து, துணிப் பேல் ஏற்றுகிற லாரிகளில் ஊர் ஏறியது. படுக்கையில் கிடந்தவர்களைக் கட்டிலோடு தூக்கினார்கள். ரேஷன் கடை எழுத்தர் பட்டியலை வைத்துப் பெயர் படித்து டிக் அடித்தார். புளிச்சோறும் தயிர்ச்சோறும் அண்டாவில் ஏறின. தனிஷ்கா பாட்டியின் மடியில் உட்கார்ந்து, திருவிழாவுக்குப் போகிற சந்தோஷத்தில் அம்மாவுக்குக் கை காட்டினாள். சரசாள் இறங்கி வந்து, குளுகோஸ் பாக்கெட் ஒன்றை மருமகள் கையில் வைத்து, பயப்படாதே என்று சொல்லிவிட்டுப் போனாள். கடைசி லாரியும் போன பிறகு நாய்கள் கொஞ்ச தூரம் துரத்திப் போய்விட்டுத் திரும்பின. தறிகள் எல்லாம் நின்றிருந்தன. அந்த ஊரில் காக்கை கத்துவது முழுசாகக் காதில் விழுவதை அன்றுதான் கோகிலவாணி கேட்டாள்.

நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்தாள். ஆறே முக்கால். வயிற்றில் பிள்ளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் புரண்டது. மூன்று நிமிஷம் போயிற்று, இன்னும் மூன்று நிமிஷம் போயிற்று, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏழு மணி, ஏழேகால். அந்தச் சத்தமில்லாத சத்தத்தில்தான், இரண்டு தெரு தள்ளி, யாரோ முனகுவது கேட்டது. நின்றது. மூன்று நிமிஷம் கழித்து மறுபடியும் கேட்டது.

வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவள் மூன்றாம் தெருவுக்குப் போனபோது தெய்வானையின் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே தார் சுற்றுகிற மிஷினைப் பிடித்துக்கொண்டு, தலைக்குக் குளித்த ஈரத்தோடு, துவைத்த சேலையில், தெய்வானை மண்டியிட்டிருந்தாள். எழுத்தர் டிக் அடித்ததும் லாரியின் மறுபக்கமாக இறங்கி வந்துவிட்டாள்.

"நீ போ அம்மிணி. ஒண்ணுமில்ல" என்றாள், நோவு விட்ட இடைவெளியில்.

கோகிலவாணி போனை எடுத்தாள். வேன் ஐந்து நிமிஷத்தில் வந்துவிடும் என்றாள். தெய்வானை எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். எட்டு நாளைக்கு ஒரு நிமிஷமாக நாலு வருஷம் தனக்கு வந்துகொண்டிருந்ததையும், ஒவ்வொரு தடவையும் கதையின் நடுவில் ஒரு பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போவதுபோல இருந்ததையும், முன்னே என்ன, பின்னே என்ன என்று தெரியாமலே சாகப்போகிறோம் என்று நினைத்ததையும் அவசர அவசரமாகச் சொன்னாள். இன்றைக்கு ஊரே இல்லை, முழுசாக வரும், அதை உனக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை என்றாள். அடுத்தது வந்து அவளை மறுபடி மண்டியிட வைத்தது.

கோகிலவாணி பின்னால் உட்கார்ந்து, உள்ளங்கையின் அடியை அவளுடைய இடுப்பெலும்பில் வைத்து அழுத்தினாள். தனக்கு யாராவது அங்கே அழுத்த மாட்டார்களா என்று முப்பத்தெட்டு மணி நேரம் ஏங்கிய இடம் அது, அதனால் தேட வேண்டியிருக்கவில்லை. பத்து மணிக்கு இடைவெளி இரண்டு நிமிஷமாகக் குறைந்தது. மிஷினும் நூல்கண்டுகளும் இருந்த அந்த அறையில் அவர்கள் நடந்தார்கள், உட்கார்ந்தார்கள், சுவரைப் பிடித்து நின்றார்கள். நாலு வருஷத்துக்கு முன் கருப்பை வாய் எட்டு சென்டிமீட்டர் திறந்து நின்றுபோன இடத்திலிருந்து அது நூல் பிடித்தாற்போல மேலே போயிற்று. வெளியே நின்று பார்க்கும்போது நோவு இப்படித்தான் இருக்கும் என்று கோகிலவாணிக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு உடம்பு வேறு ஒரு வேலையும் இல்லாமல் அந்த ஒரே வேலையைப் பார்ப்பதைப் பார்க்க, தன் கட்டிலருகே நின்றபோது பூபதி ஏன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான் என்றும் கொஞ்சம் புரிந்தது. கொஞ்சம்தான் புரிந்தது.

பன்னிரண்டரை மணிக்குத் தெய்வானை சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, போதும், முடியல என்றாள்.

இன்னும் கொஞ்சம் என்கிற வார்த்தை கோகிலவாணியின் நாக்கிலும் வந்து நின்றது. நல்ல எண்ணத்தோடுதான் வந்தது, எல்லோருக்கும் அப்படித்தான் வந்திருக்கும். அதை விழுங்கிவிட்டுப் போனை எடுத்தாள்.

"வேனைக் கூப்புடட்டுங்களாக்கா? நீங்க சொன்னாக் கூப்புடறேன். நீங்க சொல்றதுதான்."

தெய்வானை நெற்றியை எடுக்காமலே யோசித்தாள். அதற்குள் ஒன்று வந்து போயிற்று.

"இன்னொண்ணு பாக்கறேன்" என்றாள்.

அது முடிந்ததும் கோகிலவாணி மறுபடி கேட்டாள். இன்னொண்ணு என்றாள் தெய்வானை. அதற்கடுத்ததும் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் கேட்டாள், ஒவ்வொரு தடவையும் விரல் போன் மேல் இருந்தது, ஒவ்வொரு தடவையும் நிஜமாகவே கேட்டாள். தெய்வானையும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் யோசித்துவிட்டே பதில் சொன்னாள். அப்படிக் கேட்டும் சொல்லியுமே மூன்றரை மணி ஆயிற்று. கடைசி அரை மணி நேரம் கேட்கவும் நேரமில்லை. தெய்வானை கோகிலவாணியின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, முகம் கறுத்து, யாரும் சொல்லிக்கொடுக்காமலே முக்கினாள். மிஷினின் இரும்புக்கால் தரையில் கீறியது. பிறகு அவளிடமிருந்து நீண்ட மூச்சு ஒன்று இறங்கியது, அதோடு அவள் அப்படியே சரிந்து பாயில் படுத்துவிட்டாள். எதுவும் வெளியே வரவில்லை. வருவதற்கு எதுவும் இல்லை. மூன்று நிமிஷம் போயிற்று, ஆறு நிமிஷம் போயிற்று, பத்து நிமிஷம் போயிற்று. முடிந்துவிட்டது.

கோகிலவாணி குளுகோஸைக் கரைத்துக் கொடுத்து, ஈரத் துணியால் அவள் முகத்தைத் துடைத்தாள். தெய்வானைக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்துவிட்டுக் கேட்டாள்.

"என்ன கொழந்தை?"

கோகிலவாணி துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை.

"பொண்ணுக்கா. பேரு தனிஷ்கா. நாலு வயசாச்சு. லாரியில வந்துக்கிட்டிருக்குது."

தெய்வானை தலையை ஆட்டிக்கொண்டாள். அப்புறம் தூங்கிப்போனாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று தூங்குவதற்கு முன் சொன்னாள், அல்லது கோகிலவாணிக்கு அப்படித் தோன்றியது.

ஐந்தரை மணிக்கு லாரிகள் திரும்பின. ஆற்று மணல் ஒட்டிய கால்களோடு ஊர் இறங்கித் தெருவில் நின்றது. சென்னியப்பன் முன்னால் வந்து, வந்துச்சா அம்மிணி என்று கேட்டார். வந்துச்சுங்க, முடிஞ்சிருச்சு என்றாள். யாரும் உடனே நம்பவில்லை. எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். மூவாயிரத்து எண்ணூறு பேரும் அசையாமல் நின்று, இதோ இவன் குனிவான், இதோ அவள் குனிவாள் என்று ஒருவர் இடுப்பை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று நிமிஷம் ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. பதினைந்து ஆனதும் யாரோ போய் ஒரு தறியைப் போட்டார்கள். பிறகு அடுத்த வீட்டில் போட்டார்கள். இரண்டாம் தெரு, நான்காம் தெரு என்று சத்தம் ஏறி, விளக்கு வைக்கிற நேரத்துக்குள் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்த வேண்டியிருந்தது. அங்கமுத்துவுக்குத் துண்டு போட்டார்கள். கோகிலவாணி எப்படிப் பெறப்போகிறாள் என்பது அன்று சாயங்காலத்திலிருந்து யாருக்கும் அக்கறையுள்ள விஷயமாக இல்லை.

சரசாளுக்கு மட்டும் இருந்தது. வழி திறந்துவிட்டது, இனித் தானாகத்தான் ஆகும் என்று அவள் நல்லெண்ணெய் வாங்கிவைத்தாள். இப்போது யாரும் தன்னிடம் எதுவும் கேட்காததால், தான் என்ன நினைக்கிறோம் என்று முதல் தடவையாகக் கோகிலவாணியால் தன்னையே கேட்டுக்கொள்ள முடிந்தது, கேட்டபோது பதில் தயாராக இருந்தது. அது வீரமான பதிலாக இல்லையே என்று இரண்டு நாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாலும் அது அதுவாகவே இருந்தது.

வியாழக்கிழமை பஸ்ஸில் போகும்போது பூபதி ஜன்னல் பக்கம் பார்த்தபடி பேசினான். தனக்கு நூற்றெண்பது தடவைக்கு மேல் வந்ததாகவும், முதல் தடவை வந்தபோதே, ஒரு நிமிஷம் முடிவதற்கு முன்பே, பதினெட்டு மணி நேரம் என்றால் என்ன என்று தெரிந்துவிட்டதாகவும், அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமலே நாலு வருஷம் போய்விட்டதாகவும் சொன்னான்.

"தெரியுமுங்க. படியில உக்காந்திருக்கறதப் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்" என்றாள் அவள்.

சரியாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம், ஆனால் ஆகவில்லை. டாக்டர் நசீமா கேட்டபோது, நாள் குறித்து ஆபரேஷன் என்று அவள் சொன்னாள். பயத்தினால் மட்டும் என்றால் அதைப் பற்றிப் பேசலாம் என்றார் டாக்டர். பயமும் உண்டு என்றாள். முழுசாகப் பார்த்தாகிவிட்டது, அது பெரிய காரியம்தான், தனக்கு அது வேண்டாம் என்றும் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டார். பூபதி, அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன் என்றான், சொன்னான். சரசாள் எண்ணெயைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டாள்.

கூட இருப்பதற்கு ஒருவரைத்தான் விடுவார்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது கோகிலவாணி தெய்வானையின் பெயரைக் கொடுத்தாள். மாமியாருக்கு அது விளங்கவில்லை, ஊருக்கும் விளங்கவில்லை. தார் சுற்றுகிறவளுக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று பேசிக்கொண்டார்கள். தெய்வானை மிஷினை நிறுத்திவிட்டுப் பையோடு வந்து சேர்ந்தாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கோகிலவாணியைத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். குனிய வைத்து முதுகில் ஊசி போட்டார்கள். கால் கட்டைவிரலிலிருந்து சூடு ஏறி, பிறகு கால்களே இல்லாததுபோல ஆயிற்று. அவள் பச்சைத் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். எதுவும் எழுந்து போகவில்லை. வயிற்றை மருந்தால் துடைத்தார்கள், கிள்ளிப் பார்த்தார்கள், தெரிகிறதா என்று கேட்டார்கள், தெரியவில்லை என்றாள். டாக்டர் நசீமா திரைக்கு மேலாக எட்டிப் பார்த்தார், முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது.

"ஆரம்பிக்கலாமா கோகிலா?"

"ஒரு நிமிஷம் இருங்க" என்றாள் கோகிலவாணி.

எதற்கென்று அவளுக்கே தெரியாது. எதற்கென்று டாக்டரும் கேட்கவில்லை. கத்தியை எடுத்துக் கொடுக்க நீட்டிய நர்சின் கை நின்ற இடத்திலேயே நின்றது, மயக்க டாக்டர் மானிட்டரிலிருந்து திரும்பினார், துடைத்த ஈரம் வயிற்றில் காய, கையுறை போட்ட கைகளை நெஞ்சுக்கு நேராக உயர்த்திப் பிடித்தபடி அந்த அறையில் இருந்த ஆறு பேரும் அவளுக்காகக் காத்து நின்றார்கள். ஒரு நிமிஷம் ஆயிற்று. இன்னும் கொஞ்சம் ஆயிற்று. அவர்கள் நிற்பதை அவள் நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு, "ம், இப்ப ஆரம்பிங்க" என்றாள்.